எந்த மரக்காலால் அளந்தார்கள்?

போன குறுவை நடவு நேரத்தில் ஒரு மனைப்பட்டா வேலையாக நாங்கள் நூலகம் போக வேண்டியிருந்தது. தஞ்சைக்குக் கிழக்கே ஒரு கிராமம், நாற்பது வீடுள்ள தெரு. நான்கு தலைமுறையாக அதே இடத்தில் இருக்கிறார்கள். கையில் ஒரு காகிதம் கிடையாது. “எத்தனை வருஷமா இருக்கீங்க, என்ன ஆதாரம்?” என்று கேட்டால் தெருவிடம் இருக்கும் ஒரே பதில் வயதானவர்களின் நினைவுதான். அலுவலகத்தில் அந்த நினைவுக்கு மதிப்பில்லை. எழுத்தில் எங்காவது ஏதாவது இருக்காதா என்று தேடித்தான் மூன்று மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனோம்.

கணினியில் ‘தஞ்சாவூர்’, ‘தலித்’ என்று தட்டினோம். கோயில் கட்டடக்கலை வந்தது, சோழர் செப்புத் திருமேனி வந்தது, வீணை செய்வது எப்படி என்று கூட ஒன்று வந்தது. நம் தெரு வரவில்லை. அங்கே பல வருடம் வேலை பார்த்த ஓர் ஊழியர்தான், “பழைய பேர்ல தேடிப் பாருங்க” என்றார். வெள்ளைக்காரன் எழுதிய ‘டாஞ்சோர்’ என்ற எழுத்துக்கூட்டலைப் போட்டோம். ‘ஹரிஜன்’ என்று போட்டோம். ‘அன்டச்சபிள்’ என்று போட்டோம். அலமாரி திறந்தது. எந்தப் பெயரை மறுத்து நம் பாட்டன்மார் போராடினார்களோ, அந்தப் பெயரைத் தட்டினால்தான் நம்மைப் பற்றிய புத்தகம் வருகிறது.

அந்த அலமாரியின் முன் தரையில் உட்கார்ந்து ஒரு நூலைப் புரட்டிய மாணவி சட்டென்று நிமிர்ந்தாள். பண்ணையாளுக்கு அன்றாடம் எவ்வளவு நெல், அறுப்புக்கு எவ்வளவு, தீபாவளிக்கு என்ன துணி என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. “அக்கா, இது எங்க அப்பாயி சொல்ற கணக்கு. இது இங்கிலீஷ்ல இருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது.” புத்தகத்தின் பின்னால் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் இரண்டே முத்திரைகள் இருந்தன. அவள் பிறப்பதற்கு முன்பே குத்தியவை.

இந்தக் கட்டுரை அந்த அலமாரியைப் பற்றியது. காவிரிப் படுகையின் சேரிகளைப் பற்றி நூறு ஆண்டுகளாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் பார்த்ததே இல்லை. பார்த்த சிலரும் ஒன்று வேதவாக்காக மேற்கோள் காட்டுகிறார்கள், அல்லது ‘மேல்சாதிக்காரனும் வெள்ளைக்காரனும் எழுதியது’ என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே நமக்கு நட்டம் என்பது எங்கள் கருத்து.

முதலில் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிக் களஞ்சியம் இருக்கிறது. தென்னிந்தியாவின் சாதிகளையும் பழங்குடிகளையும் அகரவரிசையில் அடுக்கி, மூக்கு நீளம், மண்டை அகலம் வரை அளந்து எழுதியது. அதைத் தமிழாக்கி வெளியிட்டது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற பெயரில் படிக்கலாம். அதே காலத்தில் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை 1907-ல் தொடங்கி, இந்த மக்களின் வரலாற்றை வாரம்தோறும் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நாம் வெறுமனே அளக்கப்பட்டுக்கொண்டே இருந்தவர்கள் அல்லர்.

அடுத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-ல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல். அவர் செய்தது எளிமையான காரியம். தன் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமத்துக்குப் போய் விவரம் சேகரித்து வரச் சொன்னார். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் கீழத்தஞ்சையின் பாலக்குறிச்சியும் ஒன்று. பின்னாளில் அதே ஊரைத் திரும்பத் திரும்ப ஆய்வு செய்தார்கள். 2019-ல் வெண்மணியோடு சேர்த்தும் ஆய்வு நடந்தது.

பிறகு கேத்லீன் கஃப். இங்கிலாந்தில் பிறந்த மானுடவியலாளர். 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் களப்பணி செய்தார். கும்பபேட்டை, கிரிப்பூர் என்று அவற்றுக்குப் புனைபெயர் வைத்தார். 1976-ல் மறுபடி வந்தார். 1981-லும் 1989-லும் இரண்டு பெரிய நூல்கள் வந்தன. அவருக்குப் பக்கத்திலேயே ஆந்த்ரே பெதெய். 1961-62-ல் ‘ஸ்ரீபுரம்’ என்று அவர் பெயரிட்ட தஞ்சைக் கிராமத்தில் தங்கி, சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து ஆராய்ந்து 1965-ல் நூலாக்கினார். இந்தியச் சமூகவியல் படிக்கும் எல்லா மாணவருக்கும் இன்றும் அது பாடம். எங்கள் முதுகலை வகுப்பிலும் அதுதான் பாடம். ஆனால் அந்த ஊர் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த நூல்களை எப்படிப் படிப்பது? எங்களுக்குப் பழக்கமான ஒரு முறை உண்டு. முடிவுரையைப் பிறகு பார்க்கலாம். முதலில் முன்னுரையைத் திறந்து, இவர் எந்த வீட்டில் தங்கினார், யார் வீட்டில் சாப்பிட்டார், யார் மொழிபெயர்த்தார் என்று தேடுங்கள்.

பெதெய் நேர்மையானவர், அதை மறைக்கவில்லை. அக்ரகாரத்தில் ஒரு பிராமணர் வீட்டில் தங்கினார். ஊரார் அவரை அக்ரகாரத்து ஆளாகவே பார்த்தார்கள். அதனால் பிராமணர் அல்லாதாரைப் பற்றியும், குறிப்பாக ஆதிதிராவிடர்களைப் பற்றியும் தான் சேர்த்த தகவல் அவ்வளவு வளமானதல்ல என்று அவரே எழுதுகிறார். ஸ்ரீபுரத்தில் 349 குடும்பங்கள். அவற்றில் 89 ஆதிதிராவிடர் குடும்பங்கள். ஊரில் கால்வாசிப் பேர் எந்தத் தெருவில் இருந்தார்களோ, அந்தத் தெருவுக்கு ஆய்வாளர் விருந்தாளியாகத்தான் போய்வர முடிந்தது.

பெதெயின் ஆசிரியர் எம்.என்.சீனிவாஸ் கதையும் இதுதான். 1948-ல் மைசூர்ப் பகுதியின் ராம்புராவில் ஊர்த்தலைவருக்குச் சொந்தமான கட்டடத்தில் தங்கினார். சேரிப் பக்கம் இயல்பாகப் புழங்க முடியவில்லை. தன் பார்வை மேல்சாதிப் பார்வையாக அமைந்துபோனதை அவரும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ‘இந்தியக் கிராமம்’ என்று வகுப்பில் நமக்குச் சொல்லித் தந்தது இந்தத் திண்ணைகளிலிருந்து தெரிந்த கிராமத்தைத்தான்.

திண்ணை மாறினால் தகவல் மாறுமா? மாறும் என்பதற்கு ஜெரால்ட் பெர்ரிமன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் அனுபவமே சாட்சி. 1950-களின் இறுதியில் இமயமலை அடிவாரக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். அவருக்கு மொழிபெயர்த்தவர் ஒரு பிராமணர். ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர் முன் வாய் திறக்கவில்லை. இடையில் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு உடல்நலம் கெட்டு, ஒரு முஸ்லிம் ஆசிரியர் அந்த இடத்துக்கு வந்தார். அதன் பிறகுதான் கீழே இருந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். அதே ஊர், அதே ஆய்வாளர். பக்கத்தில் உட்கார்ந்த ஆள் மட்டும் மாறினார். 1962-ல் இதை வெளிப்படையாக எழுதினார் பெர்ரிமன். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு உடல்நலம் கெடாமல் இருந்திருந்தால்?

ஆனால் தங்கிய வீடு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் சேரியைப் பற்றியே முழு நூல் எழுதினார் மைக்கேல் மொஃபாட். 1979-ல் வந்த அந்த நூலின் முடிவு என்ன தெரியுமா? தீண்டப்படாதோர் சாதி அமைப்பின் மதிப்பீடுகளோடு உடன்பட்டே வாழ்கிறார்கள், மேலே உள்ள படிநிலையைத் தங்களுக்குள்ளும் நகல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. அதே செங்கல்பட்டு வட்டாரத்தில் களப்பணி செய்த ஜோன் மென்சர் 1974-லேயே நேர் எதிராக எழுதியிருந்தார். கீழிருந்து பார்த்தால் சாதி என்பது சடங்கு ஒழுங்கு அல்ல, அது சுரண்டல் ஏற்பாடு என்றார். ஆக, கோட்பாடும் ஒரு திண்ணைதான். படிநிலையை மட்டும் தேடிப் போனவருக்குப் படிநிலை கிடைத்தது. கூலியைக் கேட்டவருக்கு வேறு கதை கிடைத்தது.

இதை எங்களுக்கு இன்னும் தெளிவாகச் சொன்னவர் அந்த மாணவியின் அப்பாயி. நூலகத்தில் அந்தக் கூலிப் பக்கத்தை நகல் எடுத்து வந்து, ஒரு சாயங்காலம் தெருவில் உட்கார்ந்து தமிழில் வாசித்தோம். இத்தனை மரக்கால் நெல் என்று வாசித்ததும் கிழவி குறுக்கே பேசினார். “மரக்கால்னு எழுதியிருக்கே, எந்த மரக்கால்னு எழுதியிருக்கா? வாங்குறதுக்கு ஒண்ணு வச்சிருப்பான், குடுக்குறதுக்கு ஒண்ணு வச்சிருப்பான்.”

எங்கள் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. பி.சீனிவாசராவ் போன்றவர்கள் 1940-களில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக மக்களைத் திரட்டியபோது, அளக்கும் படியும் மரக்காலும் போராட்டக் களத்தில்தான் இருந்தன. களத்துமேட்டில் நெல்லை வாங்கிக்கொண்டவருக்குத் தெரிந்த கேள்வி, குறிப்பேட்டில் எண்ணை எழுதிக்கொண்டவருக்குத் தோன்றுவதில்லை. நம் தெருவைப் பற்றிய எந்த நூலையும் இந்தக் கேள்வியோடுதான் நாம் திறக்க வேண்டும்: இது எந்த மரக்காலால் அளந்தது?

அப்படியானால் இந்த நூல்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. மூன்று காரணங்கள் சொல்கிறோம்.

ஒன்று, அவற்றில் இருப்பது வேறெங்கும் இல்லை. பண்ணையாள் வாழ்க்கையை மிராசுதார்கள் எழுதி வைக்கவில்லை. நம் முன்னோருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. அடிமை முறைக்கான சட்ட ஏற்பை 1843-லேயே நீக்கினார்கள். 1952-ல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இடைப்பட்ட நூறு ஆண்டில் உண்மையில் என்ன நடந்தது? அந்த முறையின் கடைசிக் காலத்தில், புதிய சட்டம் வந்த அதே நேரத்தில், கஃப் தஞ்சையில் இருந்தார். யார் யாரிடம் வேலை செய்தார்கள், யாருக்கு எவ்வளவு நிலம், எந்தத் தெருவுக்குள் யார் நுழையக்கூடாது என்று எழுதினார். நாம் அக்ரகாரத்துக்குள் போகக்கூடாது. பிராமணர் நம் தெருவுக்குள் வந்தால் தெருவுக்கே கேடு என்று நம் பக்கமும் ஒரு நம்பிக்கை இருந்தது. இந்த இரண்டையும் பதிவு செய்தது இந்த நூல்கள்தான். நம் பாட்டிகள் போன பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டு, ஆய்வாளர்களும் மாறுகிறார்கள். கஃப் 1950-களில் எழுதிய கட்டுரைகள் சாதித் தெருக்கள், சடங்கு, உறவுமுறை என்று அன்றைய பாணியில் இருக்கின்றன. பிறகு அவர் மார்க்சியராக மாறினார். 1968-ல் ‘மானுடவியல் ஏகாதிபத்தியத்தின் குழந்தை’ என்று சொந்தத் துறையையே கூண்டில் ஏற்றினார். 1981-ல் வந்த நூலில் அதே 1950-களின் களக்குறிப்புகளை எடுத்து, அடிமை உழைப்பு, உபரி, வர்க்கம் என்று புதிதாக எழுதினார். குறிப்பேடு ஒன்று, புத்தகம் இரண்டு. அவரே இரண்டாம் முறை படிக்க முடிந்த குறிப்புகளை நாம் மூன்றாம் முறை படிக்க முடியாதா?

மூன்று, அம்பேத்கர். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் என்று அன்றைக்குச் சாதியைப் பற்றிப் பேச உரிமை பெற்றிருந்த எல்லோரையும் வரிசையாக எடுத்து, யார் எதைத் தவறவிட்டார்கள் என்று காட்டினார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று நிறுவினார். அவர்களைப் படிக்காமல் அவர் அதைச் செய்யவில்லை. வரி விடாமல் படித்துவிட்டுத்தான் செய்தார். நூலகத்து மேசையும் நமக்குக் களம்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் தேவையில்லை.

இனி, நாங்கள் தேடிப் போன பட்டாவுக்கு வருவோம்.

பண்ணையாளின் குடிசை மிராசுதாரின் நிலத்தில் நின்றது. கூலி உயர்வு கேட்டால் முதலில் போவது குடிசை. அதனால்தான் 1971-ல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு மனையை உரிமையாக்கும் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஐம்பது ஆண்டு கடந்தும் பட்டா இல்லாத தெருக்கள் படுகையில் இருக்கின்றன. எந்தக் குடிசை யார் நிலத்தில் இருந்தது என்று அன்றே தெருத் தெருவாக நடந்து எழுதியவர்களின் நூல் இருக்கிறது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வட்டாட்சியர் முன் நிற்க முடியாது. ஏனென்றால் கும்பபேட்டை என்று வருவாய்க் கணக்கில் ஓர் ஊர் இல்லை. ஸ்ரீபுரமும் இல்லை.

புனைபெயர் வைப்பதற்கு நியாயம் உண்டு, நாங்கள் மறுக்கவில்லை. தகவல் சொன்ன கூலியாளைப் பண்ணையார் பழிவாங்காமல் இருக்க அது தேவைப்பட்டது. ஆனால் விளைவைப் பாருங்கள். நிலம் வைத்திருந்தவர் வீட்டில் பத்திரம் இருக்கிறது, அடங்கல் இருக்கிறது, சிட்டா இருக்கிறது. அவருடைய சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. நம்மைப் பற்றி இருக்கும் ஒரே விரிவான பதிவு, பொய்ப் பெயரில் இருக்கிறது. அது உலகத்துக்கெல்லாம் அறிவாகப் பயன்படும், நமக்கு ஆதாரமாகப் பயன்படாது. இதை யாரும் சதி செய்து நடத்தவில்லை. நம் தெருவில் இருந்து ஒருவர் வந்து இந்தப் புத்தகத்தைக் கேட்பார் என்று எழுதியவர் யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யார் சொல் ஆதாரம் ஆகிறது என்பது சாதாரணக் கேள்வி அல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூடுதல் நெல் கூலி கேட்ட போராட்டத்தின் பின்னணியில் நடந்தது அது. உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 1973-ல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. வசதியும் மதிப்பும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற ரீதியில் தீர்ப்பு பேசியது. பெரிய மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்ற அந்த ஊகமும் ஒரு சமூகவியல்தான் தோழர்களே. அது திண்ணையில் உட்கார்ந்து கற்ற சமூகவியல். அதை எதிர்க்க நம்மிடம் வேறு சமூகவியல் இருக்க வேண்டும். எழுதியதாக, ஊர்ப் பெயரோடு, தேதியோடு இருக்க வேண்டும்.

அதனால் மாணவத் தோழர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறோம்.

உங்கள் கல்லூரி, பல்கலைக்கழக நூலகத்தில் தேடும்போது ஒரே சொல்லோடு நிற்காதீர்கள். தஞ்சையின் பழைய எழுத்துக்கூட்டல், நம்மைக் குறிக்க ஒவ்வொரு காலமும் பயன்படுத்திய எல்லாப் பெயர்களும், ‘விவசாயத் தொழிலாளர்’, ‘குத்தகை’, ‘கிராமம்’ என எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். டூயி பகுப்பு முறையில் சாதி பற்றிய நூல்கள் 305.5122-லும், தலித்துகள் பற்றியவை 305.5688-லும் இருக்கும். கிராம ஆய்வு 307.72-ல் தனியாக நிற்கும். நம் வாழ்க்கையை மூன்று அலமாரிகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் போங்கள்.

முன்னுரையில் திண்ணையைக் கண்டுபிடியுங்கள். உங்கள் வட்டாரம் பற்றிய பக்கங்களை நகல் எடுங்கள். ஊருக்குக் கொண்டுபோய், தமிழில் சொல்லி, பெரியவர்கள் முன் வாசியுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தத்தை அன்றே எழுதுங்கள். ஊரின் உண்மையான பெயரைப் போடலாமா, தங்கள் பெயரைப் போடலாமா என்று அவர்களையே கேளுங்கள். 1950-களில் அவர்கள் சார்பாக வேறொருவர் முடிவெடுத்தார். இன்று அவர்கள் முடிவெடுக்கட்டும்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் நூறு ஆண்டுக்கு முன் ஒரு கேள்வித்தாளோடு கிராமத்துக்குப் போனார்கள். அப்போது கல்லூரிக்குள் நுழைந்திருந்தவர்கள் யார் என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று நாமும் கல்லூரிக்குள் இருக்கிறோம், நமக்கும் விடுமுறை உண்டு. கேள்வித்தாளில் முதல் கேள்வியை அந்த அப்பாயியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. இந்திய நூலக இயக்கத்தின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் பழைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று நூலகத்துக்கே விதி வகுத்தார். அவர் தந்த ஊக்கத்தில்தான் 1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்தத் தேதிச் சீட்டில் இரண்டே முத்திரையோடு நின்ற புத்தகத்துக்குரிய வாசகர் யார்? அதில் தன் கூலிக் கணக்கு இருக்கும் கிழவிதானே.

வண்டி நம் தெருவுக்கு வரட்டும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். ஆளுக்குப் பத்துப் பக்கம் நகல் எடுத்துக்கொண்டு நாமே போவோம். அந்த நாற்பது வீட்டுத் தெருவுக்கு இன்னும் பட்டா வரவில்லை. மனு மேல் மனுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த முறை மனுவோடு ஒரு கோப்பும் போகிறது. பதினோரு பெரியவர்களின் வாக்குமூலம், எந்த வீடு எந்த ஆண்டு எந்தக் களத்துமேட்டின் ஓரம் இருந்தது என்று, அவர்களே சொல்லி, அவர்கள் பேத்தி எழுதியது. ஊர்ப் பெயர் உண்மைப் பெயர்.

ஜெய்பீம்.